ஜாக்கிரதை டீச்சர் வகுப்பு சோப்பு

பயம் அந்த டீச்சரோடு கூடவே பிறந்தது. பச்சை விளக்கு எரிந்தாலும், இன்னொரு முறை எரியட்டும் என்று ஓரமாக நிற்பவர். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவர். பேச்சுக்குப் பேச்சு "ஜாக்கிரதை" என்பதால் ஜாக்கிரதை டீச்சர் என்றே பெயர் விழுந்து, பள்ளிக்கூடத்தைத் தாண்டித் தெருவுக்கும் பரவிவிட்டது. அப்படிப்பட்ட மனுஷியைப் பிடித்து, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுங்கள் என்று விட்டார்களே, அவர்களை என்னவென்று சொல்ல!

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீயா? கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே பெரிய பூட்டா பாத்து வாங்கச் சொல்லுவியே!"

அது சுருக்கென்று தைத்தது. பிள்ளைகள் சோப்பு செய்து விற்கலாம் என்றபோது, காகிதப் பை போதுமே என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டார். ஆளுக்கொரு பொறுப்பாகப் பிரித்துக் கொடுத்தார். "வாங்கறவங்க முதல்ல உங்களை நம்பணும், அப்புறம்தான் சரக்கு" என்று பாடமும் எடுத்தார். முதல் தடவை கலவை போட்டபோது கூடவே நின்று, கையுறை எங்கே, கண்ணாடி எங்கே என்று உயிரை வாங்கினார்.

"எங்களை நம்பவே மாட்டீங்களா டீச்சர்?" என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

சரி, எப்படியோ போங்கள் என்று இரண்டாம் தடவை வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தன்னை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சோப்பெல்லாம் நன்றாகக் காய்ந்து, விற்பனை தொடங்கிய மறுநாள் காலை. கலவைப் பொறுப்பில் இருந்த இரட்டைச் சடைக்காரி ஒரு கையை மறைத்துக்கொண்டே வகுப்புக்கு வந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை செக்கச்செவேலென்று தோல் உரிந்து கிடந்தது.

"நம்ம ரெண்டாந்தடவை சோப்புலதான் டீச்சர் கழுவினேன். எரியுது."

"காஸ்டிக் சோடாவை அளந்துதானே போட்டே?"

"அளந்துதான் போட்டேன்."

சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த கண்ணாடிக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ! நீ மறந்துட்டேன்னு நினைச்சு நானும் போட்டேனே!"

டீச்சர் அவள் தோளைப் பிடித்தார். "அதுல எவ்வளவு வித்துது?"

"ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். மீதி அலமாரியில இருக்கு. பின்தெரு மாடி வீட்டு அக்கா வாங்கினாங்க. கைக்குழந்தை வச்சிருப்பாங்களே, அவங்க."

அவ்வளவுதான். சடைக்காரியின் கையைக் குழாயடியில் பிடிக்கச் சொல்லிப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணாடிக்காரியை இழுத்துக்கொண்டு ஓடினார். பச்சை விளக்காவது சிவப்பு விளக்காவது! வண்டிக்காரன் ஒருவன் திட்டியது காதில் விழவேயில்லை. கடவுளே, அந்தப் பிஞ்சுத் தோல், அந்தக் கண்ணு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மாடிப்படி ஏறும்போதே குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறிக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினார்.

ஈரக் கையோடு குழந்தையின் அம்மா திறந்தாள். இடுப்பில் துண்டு சுற்றிய குழந்தை அலறிக்கொண்டிருந்தது.

"சோப்பு! சோப்பு போட்டியாம்மா?"

"இன்னும் இல்ல டீச்சர். தண்ணி ஊத்தினாலே ஊரைக் கூட்டுவான் இவன். என்ன ஆச்சு?"

குளியல் தொட்டி ஓரத்தில் பாதி பிரித்த உறையோடு சோப்பு இருந்தது. டீச்சர் பாய்ந்து அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார்.

"போட்டுடாதேம்மா. காஸ்டிக் சோடா ரெண்டு மடங்கு விழுந்துடுச்சு. புள்ளைக்குத் தோலெல்லாம் வெந்துடும்."

அவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"கடை சோப்பைக்கூட நான் இவனுக்குப் போட்டதில்லை டீச்சர். இந்தப் பொண்ணுதான் சொன்னா, ஜாக்கிரதை டீச்சர் பக்கத்துலயே நின்னு பாத்துப் பாத்துச் செஞ்சதுன்னு. உங்க பேரைக் கேட்டதும் யோசிக்காம வாங்கிட்டேன்."

கண்ணாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தார்.

"நான் நிக்கலைம்மா. அன்னிக்கு ஒரு நாள் நான் நிக்கலை" என்றார்.