காற்று வாங்க வந்தவர்கள்

கரமனைச் சூடாமணிக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், உள்ளூர்ச் சங்குமுகம் கடலைப் பார்க்க வாய்த்ததே மூன்று தடவைதான். மூன்றும் விருந்தாளிகள் புண்ணியம். கோடை விடுமுறை வந்தால் போதும், மதராஸில் கடலே இல்லாததுபோல் அங்கிருந்து நாத்தனார் அனந்தலக்ஷ்மி குடும்பத்தோடு கடற்காற்று வாங்க வந்து இறங்கிவிடுவாள். காற்று அவர்களுக்கு, அடுப்புப் புகை இவளுக்கு.

1938-இல் அவர்கள் வந்த சமயம், கல்லிடைக்குறிச்சியில் சூடாமணியின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எப்படியாவது போய் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று துடித்தாள் சூடாமணி. கணவன் பட்டாபி, சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, விடவில்லை.

"அக்கா வர சமயத்துல நீ போனா நன்னாவா இருக்கும்? அவா கிளம்பினப்புறம் போயேன். ஏதாவதுன்னா உங்கண்ணா சேஷன் எழுதமாட்டானா?"

சேஷன் எழுதத்தான் எழுதினான். விருந்தாளிகள் வந்த இரண்டாம் நாளே பட்டாபியின் ஆபீஸ் விலாசத்துக்கு உறை வந்தது. மூலையில் கறுப்பு மை. சாவுச் செய்தி என்றால் மூலையில் கறுப்புத் தடவி அனுப்புவதுதானே வழக்கம்! பிரித்துப் படித்தால் அந்தக் கணமே தீட்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள். அடுப்பங்கரைப் பக்கமே போகக்கூடாது. ஆறு பேருக்கு யார் வடித்துப்போடுவது? பட்டாபி மகா கெட்டிக்காரன். படிக்காதவரை தீட்டில்லை என்று உறையை மேஜை இழுப்பில் போட்டுப் பூட்டினான். பத்து நாள் கழித்துத் தெரிந்தால் ஒன்றரை நாளோடு போயிற்று. அக்கா காதில் மட்டும் போட்டுவைத்தான். "பாவம், இப்போ சொல்லி என்ன ஆகப்போறது?" என்றாளாம் அந்த மகராசி.

"தபால் வந்துதோ?" என்று சாயங்காலந்தோறும் கேட்பாள் சூடாமணி.

"ஒண்ணும் வரல்லை. சௌக்கியமா இருப்பா."

ஐந்தாம் நாள் எல்லோரும் சங்குமுகம் போனார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு சூடாமணியும் போனாள். "நீயும் வந்து காலை நனைச்சுக்கோயேன், சூடா! எப்பப் பார்த்தாலும் என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு?" என்று அனந்தலக்ஷ்மி கையைப் பிடித்து இழுத்தாள். அலை முழங்கால்வரை ஏறியதும் சூடாமணி வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா தேறியதால்தான் அண்ணா எழுதவில்லை என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள், பைத்தியக்காரி.

பதினோராம் நாள் இன்னோர் உறை வந்தது. இதிலும் கறுப்பு. காரியத்தைப் பற்றி எழுதியிருப்பான் என்று பட்டாபி அதையும் பிரிக்காமல் இழுப்பில் தள்ளினான்.

பதினாலாம் நாள் காலையில் விருந்தாளிகள் ரயிலேறினார்கள். சாயங்காலம் பட்டாபி இரண்டு உறைகளையும் வாசற்படியிலேயே நீட்டினான். "மனசைத் தேத்திக்கோ. பத்து நாள் தாண்டியாச்சு, ஒண்ணரை நாள்தான் தீட்டு."

சூடாமணி முதல் உறையைப் பிரித்தாள். 'அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நினைவு இருக்கும்போதே புறப்பட்டு வா.' அண்ணா அவசரத்தில் உறை மூலையில் மையைக் கொட்டியிருந்தான். அதே கறை கடிதத்திலும் ஊறியிருந்தது. இரண்டாவது உறையில் ஒரே வரியும் ஒரு தேதியும்.

அவள் அழவில்லை. உறைகளின் தபால் முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள்.

"ஒண்ணரை இல்லை, மூணு நாள். அம்மா போய் நாலு நாள்தான் ஆறது. இந்த முதல் லெட்டர் வந்தப்புறம் எட்டு நாள் உசிரோட இருந்து, வாசலையே பார்த்துண்டு கிடந்திருக்கா. அந்த எட்டு நாளும் நான் உங்க அக்காவுக்கு வடிச்சுக் கொட்டிண்டிருந்தேன்."