ஒரு கையால் தூக்கிய மோட்டார்

படகுத் துறையில் அவரை எல்லாரும் துடுப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாசலில் மழைக்கு ஒதுங்கியதோடு அவர் படிப்பு சரி. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, ஒரு ஜோடித் துடுப்பும் ஓட்டைப் படகுமாகத் தொடங்கிய மனுஷன், ஆறு கடலில் கலக்கும் அந்த அகலமான இடத்தில் ஆளையும் மூட்டையையும் அக்கரை சேர்த்தே சொந்த வீடு, நல்ல படகு, பெரிய மோட்டார் என்று நிமிர்ந்து நின்றார். வழியில் மோட்டார் செத்துப்போன அடுத்தவன் படகை எத்தனையோ தடவை கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார். "என் படகை ஒருத்தன் இழுத்தான்னு சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசை பத்திரமாகத்தான் இருந்தது, அந்த ஒரு நாள் வரைக்கும்.

கைபேசி கைக்கு வராத காலம் அது. அந்த நாளுக்கு முந்தின வருஷம் நடு ஆற்றில் பெரிய மோட்டார் மூச்சை விட்டது. துடுப்புப் போட்டே கரை சேர்த்துவிட்டார். என்ன, படகில் இருந்தது அவர் மனைவி. இறங்கியதும் அந்தம்மா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "இனிமே உங்க படகுல என் காலு படாது."

படவும் இல்லை. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகள்தான் பஸ்ஸேறி, பாலத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போவாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம். குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தம்மாவின் முழங்காலுக்கோ பஸ் படி ஆகாது. இந்தக் கரையில் தாய், அந்தக் கரையில் மகள். நடுவில் அவருடைய ஆறு.

"ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்கணும். அப்படி ஒரு மோட்டாரை வாங்கிப் போடுங்க, வரேன்" என்றாள் ஒரு நாள், அரிசி களைந்துகொண்டே. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மோட்டார் கடைக்காரர் நல்ல மனிதர். "மோட்டார் மாட்டுற பின்பலகை என்ன உயரம்ணே?" என்று கேட்டார்.

"என் படகு உயரம் எனக்குத் தெரியாதா? தொடை வரைக்கும் வரும்."

"அப்போ நீளத் தண்டு எடுங்க. பெரிய மோட்டாருக்குப் பக்கத்துல தனியா ஒரு சட்டம் அடிச்சுத்தானே மாட்டப் போறீங்க? இன்னும் கொஞ்சம் மேல ஏறிடும். தண்டு நுனியில இருக்கற விசிறி தண்ணிக்குள்ள நல்லா முங்கி இருக்கணும்ணே."

துடுப்புக்காரர் நீளத் தண்டு மோட்டாரைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கை வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த குட்டைத் தண்டு மோட்டாரை ஒற்றைக் கையால் தூக்கி, கடையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"தூக்கிக் காட்டவா வாங்குறீங்க, ஓட்டவா?" என்றார் கடைக்காரர்.

"முப்பது வருஷமா தண்ணியில கெடக்கறவன் நான். இதைக் கட்டுங்க."

வெள்ளோட்டத்துக்கு மச்சினன்மார் மூன்று பேரும் வந்தார்கள். மூவரும் ஆளுக்கொரு அரிசி மூட்டைக் கனம். சின்ன மோட்டாரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மூன்று பேரும் பின்பக்கமே அமர்ந்தார்கள். படகு பின்னால் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று போயிற்று. "மச்சான், தையல் மிஷின் மாதிரி ஓடுது" என்றான் மூத்தவன். கரையில் நின்ற அந்தம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே துடுப்பு இரண்டையும் துடைத்து, எண்ணெய் பூசி, முன்னறைச் சுவரில் பெருக்கல் குறி மாதிரி மாட்டினார். வருகிறவன் போகிறவன் பார்க்கட்டுமே. ரெண்டு மோட்டார் வைத்திருப்பவன் துடுப்பையும் சுமந்தால் ஊர் சிரிக்காதா?

மகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். புறப்பட்ட அன்று நீர் கடல் பக்கம் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. முக்கால்வாசி ஆற்றைக் கடந்து, அக்கரைப் படகு மேடையில் நிற்கும் மகளின் வயிறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், பெரிய மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அந்தம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"பாக்காதே. அதுக்குத்தானே சின்னது இருக்கு" என்று கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் பிடித்தது. படகு கொஞ்சம் நகர்ந்தது. அடுத்த அலையில் பின்பக்கம் எழும்ப, விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறும் காற்றில் அலறியது. அமுங்கினால் தள்ளும், எழும்பினால் அலறும். கடல் பக்கமிருந்து வரும் அலைக்கு ஓய்வேது?

"ஏங்க இப்படிக் கத்துது?"

"உன் தம்பிங்களாலதான்."

"இங்க இல்லாதவனுங்க என்ன பண்ணானுங்க?"

"அன்னைக்கு இருந்தானுங்களே. பின்னாடி." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. அன்று ஓடியது மோட்டாரால் மட்டும் இல்லை, மூன்று மூட்டைக் கனத்தாலும்தான்.

 அந்தம்மா வலிக்கிற முழங்காலை ஊன்றித் தவழ்ந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். இருவர் கனத்துக்கு விசிறி கொஞ்சம் கவ்வியது. மேடைக்கு நேரே படகு ஆணி அடித்தாற்போல் நின்றது. முன்னே போகவில்லை, பின்னேயும் போகவில்லை. பிறகு நீரின் இழுப்பு ஜெயிக்கத் தொடங்கியது. நங்கூரத்தை எறிந்தார். அடிச்சேற்றில் கவ்வாமல் இழுபட்டுக்கொண்டே வந்தது.

"துடுப்பு எங்க?"

"வீட்ல."

"வீட்ல எங்க?"

"உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள்தான் ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.

மேடை மெல்ல நழுவிப் பின்னால் போனது. மகளுக்குப் பின்னால் இரண்டு படகுகள் ஆளோடு நின்றன. "சத்தம் போடுங்க" என்றாள் அந்தம்மா.

அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ பேர் நடு ஆற்றில் அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். அவர்கள் என்ன சொல்லிக் கத்தினார்கள் என்று அப்போது நினைவுக்கு வரவில்லை. "ஏய்" என்று ஏதோ வந்தது. மோட்டார் அலறலில் அது அவர் காதுக்கே எட்டவில்லை.

சட்டையைக் கழற்றி எழுந்து நின்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தலைக்கு மேலே வீசினார்.

மேடையில் மகள் தோளில் கிடந்த துண்டை உருவி, அப்பாவுக்கு இணையாக அவளும் வீசினாள்.

"ஐயோ, பதிலுக்குக் கையாட்டுறா பாருங்க" என்றாள் அந்தம்மா. அவர் நிறுத்தவில்லை. அவர் வேகமாக வீச வீச, மகளும் வேகமாக வீசினாள்.