ஆடும் பல்லும் இரண்டு ஹாரனும்

ஜெரோம் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிள்ளைக்காவது வேனுக்குள் பல் விழுந்தால், அந்த இடத்திலேயே இரண்டு நீள ஹாரன். முன்னால் மாடு நின்றாலும் சரி, கல்பாக்கம் போகும் ஸ்டாஃப் பஸ் நின்றாலும் சரி, அடித்தே தீருவான். விழுந்த பல்லைத் துண்டுக் காகிதத்தில் மடித்து ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்திருந்து, பிள்ளையை இறக்கும்போது அம்மா கையில் பத்திரமாக ஒப்படைப்பான்.

அணுபுரத்தில் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் அம்மாக்கள், "ஜெரோம் அண்ணா, இன்னைக்கு எப்படியும் விழுந்துடும், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஆடும் பல்லை அவன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவார்கள். முதல் நாள் அழுகை, தானே போட்டுக்கொண்ட முதல் ஷூ முடிச்சு, எழுத்துக் கூட்டிப் படித்த முதல் கடைப் பலகை எல்லாவற்றையும் அவன் தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். அந்த ஒரு சாண் கண்ணாடிக்குள் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வளர்ந்தார்கள்.

சொந்த மகள் வளர்ந்ததைத்தான் அவன் பார்க்கவில்லை.

சிநேகா முதன்முதலாகக் குப்புற விழுந்த அன்று அவன் டிரிப்பில் இருந்தான். புதுப்பட்டினத்து வீட்டுக்குத் திரும்பியபோது தட்டில் கொழுக்கட்டை இருந்தது.

"இன்னா விசேஷம்?"

"உம்பொண்ணு கவுந்துட்டா" என்றாள் அவன் மனைவி அன்பரசி.

"இன்னொரு வாட்டி கவுரச் சொல்லேன், பாக்கறேன்."

"அவ இன்னா தோசையா, திருப்பித் திருப்பிப் போட?"

முதல் பல் முளைத்தபோதும் அப்படித்தான். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு அன்பரசி செய்த பல் கொழுக்கட்டை, அவன் வருவதற்குள் ஆறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மகளுடைய ஒவ்வொரு விசேஷமும் அவனுக்கு ஆறிப்போன பலகாரமாகவே வந்து சேர்ந்தது.

முதல் பேச்சு இன்னும் மோசம். தெருமுனையில் வேனைத் திருப்பும்போது ஒரு ஹாரன் அடிப்பது அவன் வழக்கம். ஒரு சாயங்காலம் அந்தச் சத்தத்துக்கு, அம்மா இடுப்பில் இருந்த சிநேகா வாயைக் குவித்து "பாம்" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் சொல். அதைச் சொல்லவைத்தவனே ஜெரோம்தான். அவன் காதில் மட்டும் விழவில்லை.

முதல் நடையையாவது பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சவாரி ஒன்று மாமல்லபுரத்துக்கு வந்தது. காலி சீட்டு இருக்கிறதே என்று அன்பரசியையும் பிள்ளையையும் கூட்டிப்போனான். வந்தவர்கள் பாறைகளைப் பார்க்கப் போனார்கள். இவன் வண்டியை நிறுத்த இடமில்லாமல் ஒரு இளநீர்க்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். அந்த நேரத்தில் புல்தரையில் சிநேகா எழுந்து, ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் தொப்பியைப் பார்த்தபடி நடந்துபோனாள். ஜெரோம் ஓடிவந்தபோது அவள் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மண்டி போட்டான். கையை நீட்டினான். மிளகாய்ப்பொடி போடாத மாங்காய்த் துண்டைக் காட்டிக் கூப்பிட்டான். அவள் தவழ்ந்து வந்து மாங்காயை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஜூனில் சிநேகா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அப்பா வேனிலேயே ஏறினாள். "வேன்ல நான் டிரைவருதான். மத்த புள்ளைங்க எப்டியோ நீயும் அப்டித்தான்" என்று அவன் சொல்லிவைத்தான். சொந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் கொடுத்தான் என்று பேச்சு வரக்கூடாது அல்லவா? அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளைப் போல அவளும் வேனில் ஏறியதும், "குட்மார்னிங் அங்கிள்" என்றாள். முதல் நாள் சிரித்தான். நாளாக நாளாக, அந்த 'அங்கிள்' சட்டைக்குள் புகுந்த மணல்போல உறுத்தியது.

ஆடி மாதக் காற்றோடு சேர்ந்து சிநேகாவின் கீழ்வரிசை முன்பல்லும் ஆடத் தொடங்கியது.

"ஊரான் வூட்டுப் புள்ளைங்க பல்ல எல்லாம் பொறுக்கி மடிச்சிகினு கீற. உம்பொண்ணு பல்லையாவது பாரு" என்றாள் அன்பரசி, காலையில் தோசை ஊற்றிக்கொண்டே. "அவளோடது எதையும் நீ பாத்ததில்ல."

"இத பாத்துருவேன்."

"கிழிப்ப."

தட்டின் முன்னால் இருந்த சிநேகா மெல்லுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஜெரோம் அவள் பக்கம் குனிந்தான். "பாப்பா, நாக்கால தள்ளாத. வுழப்போற மாதிரி இருந்தா அப்பாவக் கூப்புடு. இன்னா?"

அவள் தலையாட்டினாள். பல்லும் கூட ஆடியது.

அந்த வாரம் முழுக்க அவன் சாலையைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். பல் விழவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிநேகா வேனில் ஏறும்போது 'குட் ஈவினிங்' சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவளுடைய சிநேகிதி மஹீரா. வேனிலேயே பெரிய வாய் அவளுக்கு.

"அங்கிள், சிநேகா பேச மாட்டேங்கறா."

"டூ வுட்டுட்டியா அவகூட?"

"இல்ல அங்கிள். அவளுக்கு லஞ்ச்ல வந்து..."

சிநேகா மஹீராவின் தொடையைக் கிள்ளினாள். மஹீரா "ஆ" என்று கத்திவிட்டு, ஏதோ நினைவு வந்தவளாய்த் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஜெரோம் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினான். மகளின் வெள்ளைக் காலரில் காய்ந்த பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டு. கீழுதடு கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. உள்ளே நாக்கு எதையோ முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தது.

பல் மத்தியானமே விழுந்துவிட்டது. இதுவும் போயிற்று. அவன் கை தானாக கியரை மாற்றியது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் மற்றது புரிந்தது. விழுந்த பல்லை அவள் எறியவில்லை. எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப நட்டு, நாக்கால் பிடித்துக்கொண்டு வருகிறாள். யாருக்காக என்று யோசிக்கத் தேவையில்லை.

முன்னால் வேகத்தடை வந்தது. ஜெரோம் பிரேக்கை மிதித்து, பால் குடத்தை இறக்குவதுபோல ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். கண்ணாடியில் சிநேகா கண்ணை மூடியிருந்தாள். வேன் சமதரைக்கு வந்ததும் திறந்தாள். உதடு அப்படியே இருந்தது. அவன் மூச்சு விட்டான்.

சாலையில் இத்தனை பள்ளம் இருப்பதை அன்றுதான் கண்டான். சைக்கிள்கள் அவனைத் தாண்டிப் போயின. பிள்ளைகள் கத்தினார்கள். "அங்கிள், டயர் பஞ்சரா?" "அங்கிள், எங்க பாட்டு கிளாஸ் போச்சு!" ஒரு அம்மா போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் பல்லை முழுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. போன வருஷம் ஒரு பையன் இட்லியோடு சேர்த்துப் பல்லை விழுங்கி, மறுநாள் சிரித்துக்கொண்டேதான் வந்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் இன்னும் மெதுவாகவே போனான்.

மஹீரா இறங்கும்போது, "நான் எதுவுமே சொல்லல அங்கிள்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

கடைசியில் வேனில் அவர்கள் இருவர் மட்டும். தெருமுனையில் வழக்கமான ஹாரனை அடிக்காமல் திரும்பி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். சிநேகா எழுந்து, சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்தாள். பல் சாய்ந்து நின்றது. முன்பக்கம் பின்னால் போய், பின்பக்கம் முன்னால் இருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்தான்.

"அப்பா," என்றாள். வேனுக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வுழப்போவுது. நல்லா பாரு."

சொல்லி முடிப்பதற்குள் பல் அவன் கையில் இருந்தது. அரிசி அளவு. எச்சிலில் வெதுவெதுப்பாக இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"முழுசா பாத்தியா?"

"முழுசா பாத்தேன் கண்ணு. வுழறது, கையில வர்றது, எல்லாம்."

பிறகு ஹாரனில் கை வைத்தான். இரண்டு என்பது சட்டம். அவன் கையை எடுக்கவே இல்லை. எதிர்வீட்டு சரோஜா வெளியே வந்து, "யாருக்குடா கல்யாணம்?" என்று கத்தினாள். அன்பரசி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"அம்மா, பல்லு வுழுந்துடுச்சி! அப்பா பாத்துச்சி!"

"எப்ப?"

"இப்பத்தான்" என்றான் ஜெரோம். "என் கண்ணு முன்னால."

அன்பரசி மகளின் வாயைப் பார்த்தாள். பிறகு காலரில் காய்ந்திருந்த பொட்டைப் பார்த்தாள். கணவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். நேரே உள்ளே போனாள். அரிசிமாவு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாடி, பல்லு மொளச்சாதான கொழுக்கட்ட?" என்றாள் சரோஜா வாசலில் நின்று. "வுழுந்ததுக்கு யாராவது செய்வாங்களா?"

"அந்தத் தபா அவுரு சூடா துன்னல" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "யோவ், வண்டிய அப்டியே வுட்டுட்டு வா. ஆறிடப்போவுது."