பூடிலுக்குப் பூப்பெயர் வைத்த முப்பத்தோராம் நாள்

1. மேசைக்கு ஆள் கிடைத்தது

நாய்க்கு முடி வெட்டப் போன முதல் நாளே வேலை போகப் பார்த்தது. அதை எழுதித் தரச் சொல்லி எங்கள் டொக்டர் கேட்டார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசித்தால் நல்லதாம். நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி வகுப்புக்கு வெளியே முழங்காலில் நின்று படித்தது. பிழை இருந்தால் என் முழங்காலைக் கேளுங்கள்.

அதற்கு முன் இருபத்தைந்து வருடம் மனிதருக்குத்தான் முடி வெட்டினேன். அன்புவழிபுரத்தில் ஒரு சின்ன சலூன். எதிரே ஏசி போட்ட சலூன் ஒன்று வந்தது. அங்கே தலைக்கு மசாஜ் செய்வார்கள், கதைக்க மாட்டார்கள். என்னிடம் மசாஜ் இல்லை, கதை மட்டும்தான். ஊர் எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் என் கதிரையில் நானே ஏறி இருந்து, கண்ணாடியில் தெரிகிறவனோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் அவனும் கொட்டாவி விடத் தொடங்கினான்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் நிஸாம் டொக்டர் மிருக கிளினிக் வைத்திருக்கிறார். கிண்ணியாக்காரர், என்னைவிட வயதில் இளையவர். நாய்க்கு முடி வெட்டும் மேசை ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துவிட்டு, வெட்ட ஆளில்லாமல் அதில் பேப்பர் அடுக்கி வைத்திருந்தார். நான் போய் நின்றேன்.

"ராசண்ணே, ஒரு கிழமை பாப்பம். முதல் ஆள் லிங்கநகர் புஷ்பம் மிஸ். அவவுக்கு நாலு அக்காமார். நாலு பேரிட்டயும் சடை நாய் இரிக்கு. இவ சந்தோசமாப் போனா அவங்களும் வருவாங்க. இல்லாட்டி இந்த மேசையத் திருப்பி அனுப்பிருவன்."

"அப்ப என்ர பாடு, டொக்டர்?"

"நீங்களும் மேசையோட அதே லொறியில ஏறலாம்."

2. குடும்பத்தின் முதல் ஆண்

புஷ்பம் மிஸ் ஓய்வுபெற்ற ரீச்சர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு முதுகு நிமிர்ந்தது. கையில் மண்ணிறப் பூடில் ஒன்று. உடம்பெல்லாம் சுருள் சுருளாக முடி, தலையில் பெரிய பந்து மாதிரி. பின்னால் அவருடைய கணவர், நாயின் பையையும் குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

முன் அறையில் பதிவு எழுதுகிற ஜெசிந்தா ஊசிக் கார்டை எடுத்தாள். "பேர் என்ன மிஸ்?"

"அதுதான் பிள்ளை பிரச்சினை. எங்கட அம்மா அஞ்சு பெட்டையளுக்கும் பூப்பேர்தான் வைச்சவ. செண்பகம், மல்லிகா, செவ்வந்தி, பங்கஜம், கடைசியா நான். அக்காமாருக்குப் பிறந்ததும் பெட்டையள். அதுகளுக்கும் பூப்பேர்தான். எங்கட குடும்பத்தில முதல் ஆம்பிளை இவன்தான்."

பையோடு நின்ற கணவர் மெதுவாகக் கூரையைப் பார்த்தார்.

"இவனுக்கும் பூப்பேர்தான் வைக்கோணும். இண்டைக்கு இவன் வீட்ட வந்து முப்பத்தொண்டு. பன்ரண்டு மணியோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள காதில மூண்டு தரம் பேரைச் சொல்லோணும்."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"என்னட்ட விடுங்கோ மிஸ். அன்புவழிபுரத்தில பாதிப் பிள்ளையளுக்கு முப்பத்தொண்டுக்கு நான்தான் போனனான். பேரும் நானே பாத்துத் தாறன்."

மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்களுக்கு முறை தெரியும். வடிவாச் செய்யுங்கோ."

3. அரைக் கதவு

குளிப்பாட்டும் அறைக்கும் முன் அறைக்கும் நடுவில் ஒரு அரைக் கதவு. நானும் நாயும் உள்ளே, மற்றவர்கள் வெளியே. என் கை நாயில், காது வெளியே, வாய் இரண்டு பக்கமும்.

"ரோசா எண்டு வையுங்கோ மிஸ்" என்று நான் தொடக்கிவைத்தேன்.

"முன்வீட்டுப் பிள்ளையின்ர பேர் ரோசா. நான் ரோட்டில நிண்டு 'ரோசா, குரைக்காம உள்ள வாடா' எண்டு கத்தினா அதின்ர தாய் என்ன நினைக்கும்?"

எங்கள் ஊர் நாய்களுக்கெல்லாம் ஏன் டைகர், ரொக்கி, ஜிம்மி என்று பெயர் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தமிழ்ப் பெயர் வைத்தால் முன்வீடு கோபிக்கும். சிங்களப் பெயரோ முஸ்லிம் பெயரோ வைத்தால் அடுத்த ஊரே கோபிக்கும். வெள்ளைக்காரன் எப்போதோ கப்பலேறிவிட்டான். "என் பெயரை ஏன் நாய்க்கு வைத்தாய்" என்று கேட்க அவன் திரும்பி வரப்போவதில்லை.

"செவ்வரத்தை?" என்றாள் ஜெசிந்தா.

"அது அம்மனுக்கு."

"எருக்கலம்பூ?"

"பிள்ளையாருக்கு."

"தும்பை?"

"சிவனுக்கு."

"உங்கட சாமிமார் எங்களுக்கு ஒரு பூவும் மிச்சம் விடேல்லையே மிஸ்."

உள் அறையில் ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த டொக்டர் எட்டிப் பார்த்தார். "லில்லி எண்டு வெச்சா என்ன?"

"டொக்டர்!" ஜெசிந்தா எழும்பியே விட்டாள். "அது அந்தோனியார் கையில இருக்கிற பூ. நாய்க்கோ?"

"சரி சரி, இரிங்க. தாமரை?"

"கோயில்லயும் வைக்கினம், பன்சலயில புத்தருக்கும் வைக்கினம்" என்றார் மிஸ். "மொட்டா இருந்தா அது கட்சிச் சின்னம்."

"நீலோற்பலம்?"

"அது நாட்டின்ர பூ. நாட்டை நாயெண்டு சொன்னதா ஆரும் பொலிசில போய்ச் சொல்லுவினம்."

நான் உள்ளே இருந்து சத்தமாகச் சொன்னேன்: "கார்த்திகைப்பூ!"

டொக்டர் ஊசியை வைத்துவிட்டுப் போய் ரோட்டுப் பக்க யன்னலைச் சாத்தினார். அரைக் கதவடிக்கு வந்து மெல்லிய குரலில் சொன்னார்:

"ராசண்ணே, இந்தக் கிளினிக்கத் திறக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியா."

அவர் சொன்னது சரி. புலிகள் தங்கள் தேசியப் பூவாக வைத்திருந்த பூ அது. 'அந்தப் பூவை ஏன் வைத்தாய்' என்று ஒரு கூட்டம் வரும். 'அந்தப் பூவைப் போய் நாய்க்கா வைத்தாய்' என்று இன்னொரு கூட்டம் வரும். இந்த மாவட்டத்தில் அந்த இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் ஒற்றுமையாக நிற்க வேறு சந்தர்ப்பமே கிடைக்காது.

டொக்டர் திரும்பப் போனவர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைக் கண்டு நானும் குனிந்து பார்த்தேன்.

நாய்க்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை.

தெரியாத ஆட்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழித்துப் பெயர் வைப்பார்கள். அன்றைக்குப் பிள்ளைக்கு மொட்டை வழிக்க சலூன்காரன் போவான். தலையை நனைப்பான், உச்சியில் தொடங்கிப் பிடரிக்கு இறக்குவான். இருபத்தைந்து வருடம் நான் செய்த வேலை அது. முப்பத்தொன்று என்று மிஸ் சொன்னதைக் கை கேட்டுவிட்டது. வாய் பூக்களோடு போயிருந்தது. நாய் அழவும் இல்லை. என் வாழ்க்கையில் அழாமல் மொட்டை வழிக்க விட்ட முதல் பிள்ளை அதுதான்.

4. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்

மிஸ் உள்ளே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"இவன்ர தலை எங்க?"

"தலை இருக்கு மிஸ். முடிதான்..."

"நான் இதைச் செய்யச் சொன்னனானோ?"

"முப்பத்தொண்டு எண்டு சொன்னீங்கள்..."

"மொட்டை பிள்ளையளுக்கு!"

"நீங்கள்தானே மிஸ் பிள்ளை மாதிரி..."

"ராசண்ணே," டொக்டர் என் தோளில் கை வைத்தார், "வாயை மூடிட்டு உங்கட சாமானை எடுத்து வைங்க."

கத்தரிக்கோலைத் துடைத்துப் பையில் வைத்தேன். சீப்பை வைத்தேன். மிஸ் நாயின் காதைத் தொட்டார், தலையைத் தொட மனம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. முப்பது வருடம் பிள்ளைகளை அழவைத்த ஒரு ரீச்சரை அழவைத்த பெருமை எனக்கு உண்டு. அந்த நேரம் அது பெருமையாகத் தெரியவில்லை. நாய்க்கு இடம் கொடுத்த ஊரில் எனக்கு மட்டும் இனி இடமில்லை என்றுதான் தெரிந்தது.

அப்போது கணவர் உள்ளே வந்தார். பைகளை நிலத்தில் வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார்.

"வாழைப்பொத்தி மாதிரி இருக்கிறான்."

எல்லோரும் நாயைப் பார்த்தோம். உண்மைதான். ஊதா கலந்த மண்ணிறத்தில் வழுவழுவென்று கூரான தலை. நான் விட்டுவைத்த இரண்டு காதும் மடல் விரிந்த மாதிரித் தொங்கின. சந்தையில் கட்டித் தொங்கவிட்டால் யாரும் விலை கேட்பார்கள்.

"என்ன கதை கதைக்கிறீங்கள்?" என்றார் மிஸ்.

"அதுவும் வாழையின்ர பூதானே புஷ்பம்." அவர் குரல் பதமாக இருந்தது. வீட்டில் குசினியும் சமையலும் அவர் பொறுப்பு என்று பிறகு அறிந்தேன். "எந்தச் சாமிக்கும் சாத்திறேல்ல. எந்தக் கட்சியும் கேக்கேல்ல. எங்கட ஒழுங்கையில ஒருத்தியும் அந்தப் பேரில இல்லை. நாங்கள் அதை அரிஞ்சு தேங்காயோட வறைதான் வைக்கிறம். ஆர் வந்து சண்டை பிடிக்கப் போகினம்?"

பிறகு நாயைப் பார்த்து, "பொத்தி! வாடா இஞ்ச" என்றார்.

அதுவரை குனிந்து கிடந்த நாய் மேசையிலிருந்து அவர் நெஞ்சுக்கே பாய்ந்தது. முப்பத்தொரு நாளும் சோறு வைத்தவர் அவர். அவர் 'அலுமாரி' என்று கூப்பிட்டிருந்தாலும் அது பாய்ந்திருக்கும். அதைச் சொல்ல என் வாய் திறந்தது. டொக்டர் பார்த்தார். மூடினேன்.

மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். நாயின் காதைத் தூக்கி மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது மொட்டைத் தலையைத் தடவினார். ஜெசிந்தா கார்டில் எழுதினாள்: பொத்தி. ஆண்.

"இவரை இண்டைக்கே நிப்பாட்டிர்றன் மிஸ்" என்றார் டொக்டர்.

"நிப்பாட்டக் கூடாது. செய்ததை இவர் பாக்கோணும். ஒவ்வொரு புதன்கிழமையும் கொண்டு வருவன். முடி வளருமட்டும் பாக்கட்டும். தொடக் கூடாது. அதுக்குப் பிறகு என்ன எண்டு நான் சொல்லுறன்."

5. புதன்கிழமைகள்

மேசை லொறியேறவில்லை. நானும் ஏறவில்லை. ஆனால் கத்தரிக்கோலும் பையை விட்டு மேசைக்கு ஏறவில்லை. கூடு கழுவினேன், ஆடு பிடித்தேன், பூனையிடம் கீறு வாங்கினேன். அக்காமார் நாலு பேரும் பொத்தியின் தலையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்களாம்.

புதன் வரும். பொத்தியை மேசையில் இருத்துவார்கள். நான் கையைப் பின்னால் கட்டி நிற்பேன்.

"எவ்வளவு வளந்திருக்கு?"

"அரை நெல்லளவு மிஸ்."

"போன கிழமை?"

"அதுக்கும் குறைவு மிஸ்."

"ம்."

இப்படியே ஒன்பது புதன். பள்ளிக்கூடம் விட்டுவைத்த பாக்கித் தண்டனையை ஐம்பது வயதில் நின்று முடித்தேன். பொத்தி மட்டும் ஒவ்வொரு கிழமையும் என் கையை நக்கியது. அதற்கு என்ன தெரியும்.

பத்தாம் புதன் மிஸ் சொன்னார்: "இண்டைக்கு வெட்டுங்கோ."

மெசினை எடுத்தேன். தொண்டை வரைக்கும் ஒரு பகிடி வந்தது. நல்ல பகிடி. விழுங்கினேன்.

"மிஸ், காலில எவ்வளவு?"

சொன்னார்.

"காது?"

சொன்னார்.

"வாலில குஞ்சம் விடவோ, எடுக்கவோ?"

"விடுங்கோ."

"தலையில கை வைக்கலாமோ?"

மிஸ் பொத்தியின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "ஓரம் மட்டும்."

"ஓரம் எண்டால் விரலால தொட்டுக் காட்டுங்கோ மிஸ்."

தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மெசினை ஓன் பண்ணினேன். வெட்டி முடியும்வரை அந்த அறையில் மெசின் மட்டும்தான் கதைத்தது. கணவர் அரைக் கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வாய் மூடி வாழும் கலையில் அவர் எனக்கு முன்னோடி.

அடுத்த கிழமை செண்பகம் அக்கா தன் நாயோடு வந்தார். அதற்கடுத்த கிழமை மற்ற மூவரும் வந்தார்கள். டொக்டர் என் பெயரை ஒரு போர்டில் எழுதி மேசைக்கு மேலே மாட்டினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கை பழகினதைச் செய்யும். அதைக் குற்றம் சொல்ல முடியாது, அதற்குக் காது இல்லை. மெசினை ஓன் பண்ணுமுன் எல்லாவற்றையும் கேளுங்கள். ஓன் பண்ணின பிறகு ஒன்றும் கதைக்காதீர்கள். இருபத்தைந்து வருடம் நான் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். எத்தனை பேர் எந்த வெட்டைக் கேட்டு, எந்த வெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ, பாவங்கள்.