டாக்டர் வேதாசலம் தேர்ந்தெடுத்த வால்வு

தம்முடைய மோட்டார் சைக்கிளுக்கு நேர் வால்வு ஆகாது, வளைந்த வால்வே வேண்டும் என்று தீர்மானித்த டாக்டர் வேதாசலம் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை விஷக்காய்ச்சலில் காலமானார்கள். செய்தி வந்தபோது அவருடைய கம்பவுண்டரான நான் பூந்தமல்லி மருந்தகத்தில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். இந்த யுத்த காலத்தில் லண்டனிலும் டில்லியிலும் எத்தனையோ தீர்மானங்கள் செய்திருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்துக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

யுத்தம் வந்ததும் கடைகளில் டயர் மறைந்தது. டாக்டரிடம் இருந்தவை வண்டியில் மாட்டியிருந்த இரண்டு மட்டுமே. அவை போனால் பருத்திப்பட்டிலும் வேப்பம்பட்டிலும் வாந்திபேதி கண்டவர்களுக்கு வைத்தியம் கிடையாது.

"காத்து கம்மியா ஓடினா டயர் பக்கவாட்டுல வெடிச்சுடும். தினம் அளக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அளப்பதில்தான் வில்லங்கம். பின்சக்கரத்து வால்வு, பிரேக் டிரம்மைப் பார்த்தபடி நேராக நிற்கும். நடுவில் காற்றளக்கும் மானி நுழைய இடமில்லை. சாய்த்து வைத்தால், அளக்கிற காற்றைவிட ஓடிப்போகிற காற்று அதிகம். ஊரார்போல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். விரலை நம்பமாட்டேன் என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவர் என் காதைக் கடித்தார்: "இன்னா அண்ணாத்தே, வண்டிக்கு மிஷின் வெச்சிப் பாக்கறாரு, எனக்கு வெறும் கையாலதான் நாடி புடிக்கிறாரு?"

குமணன்சாவடியில் பஞ்சர் ஒட்டும் காதர் பாயிடம் போனோம்.

"ஆவடி மிலிட்டரி ஏலத்துல எடுத்த லாரி டியூப் ஒண்ணு கீது சார். வால்வு வளைஞ்சி பக்கவாட்டுல பாக்கும். மிஷின் ஜோரா உக்காரும். ஆனா அது லாரி சமாச்சாரம். வெயிட்டு ஒரு பக்கமா இஸ்துகினு போவும்."

"எதிர்ப்பக்கம் சக்கரக் கம்பியில ஈயத்துண்டு கட்டுங்க பாய், சரியாயிடும்" என்றார் டாக்டர்.

"வண்டிக்குத் தாயத்தா? கட்டுங்கன்னா கட்டறேன்."

லாரி டியூபிலிருந்து வால்வைக் கழற்றி டாக்டரின் டியூபில் பொருத்தினார். முதல்முறை அதன் வாய் சங்கிலிப் பக்கம் திரும்பிவிட்டது. அப்படித் திருப்பச் சொன்னவர் டாக்டர்தான். அளந்து முடித்தபோது சட்டைக் கை முழுதும் கிரீஸ். "தப்பு என்னோடது. மறுபடி கழட்டுங்க" என்றார். காதர் பாய் முணுமுணுத்துக்கொண்டே கழற்றி, வாயை மறுபக்கம் திருப்பி மாட்டினார்.

அன்றுமுதல் காலையில் காப்பிக்கு முன்னால் காற்று அளக்கப்பட்டது. அழுத்தம் ஒரு ராத்தல் குறைந்திருந்தாலும் பம்ப் எடுக்காமல் புறப்படமாட்டார். வாந்திபேதி மூண்ட கோடையில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்து நானும் ஊர் ஊராகப் போனேன். கருங்கல் ஜல்லிச் சாலையில் என் முதுகெலும்பு தேய்ந்தது, டயர் தேயவில்லை. சாகக் கிடந்தவர்கள் பலர் எழுந்து உட்கார்ந்து, டாக்டர் ஊசி குத்திவிட்டார் என்று குறைசொன்னார்கள்.

கடைசியாகப் படுத்திருந்தபோதும் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு வேப்பம்பட்டு போகணும். காத்து பாத்துடு" என்றார். பார்த்தேன்.

தகனம் முடிந்து திரும்பியபோது மருந்தகத்து வேப்பமர நிழலில் வண்டி நின்றது. காதர் பாய் குனிந்து அளந்துகொண்டிருந்தார்.

"காத்து கரெக்டா கீது" என்றார்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், டாக்டர்.

செவ்வாய்க்கிழமை வேப்பம்பட்டிலிருந்து டாக்டரைத் தேடி ஆள் வந்தது. நோயாளியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினேன்.