என் நிரையில் புதைத்த பத்திரம்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நாங்கள் தானா ராத்தாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த என் கணவர், வெள்ளைக்காரனை எதிர்த்த இந்திய விடுதலைப் படையில் சேர்ந்து, புதிதாக அதிகாரியானார். பர்மா சண்டைக்குக் கிளம்பும்போது தன் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை என்னிடம் தந்தார்.

"வெள்ளைக்காரனைச் சுடப் போறீங்க. அவன் கம்பெனி நம்ம பிள்ளைக்குக் காசு தருமா?" என்றேன்.

"சண்டை முடியட்டும் லா. நீ பத்திரமா வை."

ஆங்கிலக் காகிதம் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று பயந்து, அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு, நான் கொழுந்து பறிக்கும் நிரையில் ஏழாவது செடியடியில் புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் என் நிரை எனக்குத் தெரியுமே!

பிறகு காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால், சர்க்கரைவள்ளி நடுவதற்காகச் செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். நிரை ஏது, ஏழாவது செடி ஏது? மூன்று நாள் பைத்தியம்போல் கொத்தினேன். கங்காணி முறைத்தபோது, "கிழங்கு நடுறதுக்குத்தாங்க கொத்துறேன்" என்று பொய் சொன்னேன். நான்காம் நாள் மண்வெட்டியில் டின் தட்டியது.

சண்டை முடிந்து அவர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கதையைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தக் காய்ச்சல்ல நீ போயிருந்தா?"

அவர் சாவுக்கே பயந்துகொண்டிருந்த எனக்கு, என் சாவு நினைவுக்கே வரவில்லை. இப்போதெல்லாம் எந்தக் காகிதத்தை எங்கே வைத்தாலும், மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிடுகிறேன்.