குழாயை மூடாத தெரு

எங்கள் தெருவில் எந்த வீட்டு ஆண் சுரங்கத்துக்குள் இருக்கிறார், எவர் வீட்டில் படுத்துத் தூங்குகிறார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும். புருஷன் உள்ளே இருந்தால் அந்த வீட்டுக் குழாய் கொட்டிக்கொண்டிருக்கும். ஷிப்டு முடிந்து அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் மூடுவார்கள். அறுபதுகளில், கடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்காக எழுப்பிய ஊர் அது. இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த பெருமை என் அம்மாவைச் சேரும். அம்மாவின் வயிற்றில் புளியைக் கரைத்த பெருமை அப்பாவைச் சேரும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

அப்பாவுக்குச் சுரங்கத்தின் அடித்தளத்தில் வேலை. எங்கள் சுரங்கம் பொந்து போட்டு உள்ளே போகிற வகை அல்ல, வானத்தைப் பார்த்தபடி திறந்து கிடக்கும் பெரும்பள்ளம். மேல் மண்ணை வாரித் தள்ளி, படிப்படியாக இறங்கிக் கரியை எடுப்பார்கள். அந்தப் பள்ளத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று அம்மா ஒருநாள் சமைத்துக்கொண்டே கேட்டாள். தண்ணீர் என்றார் அப்பா. அடுப்பில் உலைமூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் காட்டினார்.

"கரிக்கு அடியில தண்ணி இப்பிடித்தான் முட்டிக்கிட்டு கெடக்கு. நாங்க வேலை பாக்குறது இந்த மூடி மேலதான்."

சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூடி தூக்கிக்கொள்ளாமல் இருக்க ராப்பகலாகப் பம்பு வைத்து இறைக்கிறார்கள், பயப்படாதே என்று அப்பா சமாதானம் சொன்னார். இறைக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். கொஞ்சம் நம் வீட்டுக் குழாய்க்குத்தான் வருகிறது என்றார். அந்த ஒரு பதிலை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

அம்மா சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையில் பிறந்தவள். அவள் ஊரில் வெள்ளம் வந்தால் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால் வடிகாலைத் திறந்துவிடுவார்கள். தண்ணீருக்குப் போக வழி இருந்தால் கரை நிற்கும், வழியை அடைத்தால் எங்காவது ஒரு நண்டு வளையைப் பிடித்து உடைத்துக்கொண்டு வரும். இது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்த பாடம். அவள் போட்ட கணக்கு நேரானது. புருஷன் காலுக்கு அடியில் இருக்கிற தண்ணீர்தான் தன் குழாயில் வருகிறது. குழாயை மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? திரும்பி அவர் காலடிக்குத்தான் போகும்.

மறுநாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் குழாயைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டில் பரங்கிப்பேட்டைக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரர் கரி போகும் பெல்ட்டில் வேலை செய்தார். அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் மனைவியை நான் சாச்சி என்பேன். அம்மா உலைமூடி விஷயத்தைச் சொன்னதும் சாச்சி மறுபேச்சுப் பேசவில்லை. காப்பாற்றுகிறவன் அல்லாஹ்தான், அதற்காக நாம் குழாயை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். ஒரு வாரத்தில் இரண்டு வீடு தவிரத் தெருவே திறந்துகொண்டது.

தண்ணீரைச் சும்மா விடுவது பாவம் என்கிற எண்ணமும் எல்லாருக்கும் இருந்தது. அதனால் அதற்கு வேலை தேடினார்கள். துவைத்த துணியைத் துவைத்தார்கள். கழுவிய அண்டாவைக் கழுவினார்கள். எதிர்வீட்டு அம்மாள் வேப்பமரத்தை எட்டின மட்டும் தேய்த்துக் குளிப்பாட்டினாள். எங்களுக்குத் தினமும் எண்ணெய்க் குளியல். குடிகாட்டிலிருந்து வந்த அப்பாவின் பங்காளி ஒருவரை, வந்ததும் குளிக்க வைத்து, சாப்பிட்டதும் குளிக்க வைத்து, புறப்படும்போதும் குளித்துவிட்டுப் போகச் சொன்னாள் அம்மா. மனிதர் தும்மிக்கொண்டே பஸ் ஏறினார், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாக்கடையோரம் யாரோ நாற்று விட்டார்கள், அது பயிராகிக் கதிரும் வந்தது. எங்கிருந்தோ தவளைகள் வந்தன. தவளைகளைத் தேடிக் கொக்குகள் வந்தன.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்திலிருந்து மாமா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அம்மா போகவில்லை. நடராஜருக்கு அபிஷேகம் செய்ய அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இந்தக் குழாயை யார் பார்ப்பது என்று சொல்லி அனுப்பினாள். மாமா ரொம்ப நாள் எங்களோடு பேசவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் மானக்கேடாக இருந்தது. வீட்டில் இருக்கும்போது கத்துவார். அவர் வீட்டில் இருக்கும்போது குழாய் மூடியிருக்கும், ஆகவே அவர் கத்தியதில் பயன் இல்லை.

கடைசியில் ஆபீசர்கள் குடியிருந்த மேட்டுத் தெருவில் குழாய் வறண்டுபோயிற்று. அங்கே ஒருவர் உடம்பெல்லாம் சோப்போடு நின்றுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அதன்பிறகுதான் ஒரு இன்ஜினீயர் எங்கள் தெருவுக்கு வந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. வேப்பமரத்தடியில் பெண்களைக் கூட்டி, சுரங்கத்தைப் பற்றிப் பயப்பட ஒன்றுமே இல்லை என்று ஆரம்பித்தார். அம்மா அவரிடம் மூன்றே கேள்விதான் கேட்டாள். அடியில் தண்ணீர் முட்டுவது நிஜமா? நிஜம் என்றார். இறைப்பதை நிறுத்தினால் தரை மேலே தூக்கிக்கொள்ளுமா? அவர் சற்றுத் தயங்கி, நிறுத்தவே மாட்டோம் அம்மா என்றார். இந்தக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தானா? ஆமாம் என்றார்.

அவர் ஜீப் தெரு முனையைத் தாண்டுவதற்குள், அதுவரை இதையெல்லாம் நம்பாமல் இருந்த இரண்டு வீட்டுக் குழாய்களும் திறந்துகொண்டன. நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சங்கு ஊதியதிலிருந்து மறுசங்கு ஊதும்வரை அவள் எந்த வேலை செய்தாலும் ஒரு காது குழாயடியிலேயே இருக்கும். தண்ணீர் கொஞ்சம் மெலிந்தாலும் முகம் வெளுத்துவிடும். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அவள் வெளுத்த முகமும் கண்முன்னே வருகிறது.

சுரங்கத்தில் அப்பாவுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து வந்தார். சைக்கிளை நிறுத்தி, உடம்பில் படிந்த கரித்தூளைக் கழுவப் பின்கட்டுக்குப் போனார். அவர் வேலைக்குப் போன நேரமெல்லாம் தண்ணீர் ஓடி ஓடி அந்தச் சிமெண்டுத் தரையில் பாசி பச்சைப்பட்டு மாதிரி படர்ந்திருந்தது. அப்பா வழுக்கி விழுந்தார். கால் முறிந்தது.

மஞ்சக்குப்பத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். சுரங்கத்துக்காரர் என்றதும் டாக்டர் மரியாதையோடு, உள்ளே என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அப்பா சுவரைப் பார்த்தார். குழாயடியில் வழுக்கிவிட்டார் என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அம்மாவைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று எனக்கு இருந்தது. அம்மா பாசியைச் செங்கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டு, குழாயை இறுக்கி மூடினாள். நாள்கணக்காகச் சங்கு ஊதியும் எங்கள் வீட்டில் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் இருந்தது அப்போதுதான். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

சாச்சி அப்போது பிரசவத்துக்காகப் பரங்கிப்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துபோன அவள் புருஷன், ஒருநாள் மத்தியானம் அப்பாவின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துக் கேலி செய்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். சங்கு ஊதியது. தெருவில் ஒவ்வொரு குழாயாகத் திறக்கிற சத்தம் வந்தது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

அம்மா இரண்டு தடவை பின்கட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாவது தடவை போனவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

கட்டிலில் கிடந்த அப்பா தலையைத் தூக்கினார். "நான்தான் காலு ஒடஞ்சி இங்க கெடக்குறனே. இப்ப யாருக்கு?"

"ஒங்க மச்சான் உள்ள போயிருக்காருல்ல. அவ ஊட்ல தொறக்க ஆளில்லியே."

தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா வேலை பார்த்த இடத்தில் அந்நேரம் யார் யார் நிற்பார்கள் என்று எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

"எங்க கேங்கு ஆளுங்க மொத்தமும் உள்ளதான் இருக்காங்க," என்றார். "இன்னும் கொஞ்சம் தொறந்து வுடு."